மேனர் பார்க்கிலிருந்து எப்பிங் காட்டுக்கு: முழங்கால் வலி உள்ள அம்மாவை எங்கே அழைத்துச் செல்லலாம்?

மேனர்பார்க்வாசி:

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து என் அம்மா ஏப்ரல் நடுவில் லண்டன் வருகிறார். ஆறு வாரம் எங்களோடு இருப்பார். சென்ற முறை வந்தபோது பாலம், அரண்மனை, அருங்காட்சியகம் என்று அலைய வைத்தோம். எதற்கும் அவர் குறை சொல்லவில்லை என்றாலும், ஊருக்குத் திரும்பும் நாளில், "இந்த ஊரில் மரம் மட்டை உள்ள இடமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் விமானம் ஏறினார். ஆகவே இந்த முறை பழமையான காடு ஒன்றை அவருக்குக் காட்ட வேண்டும் என்று நினைக்கிறேன்.

எனக்குள்ள தயக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கடந்த நவம்பரில் பிள்ளைகளோடு லௌட்டன் ரயில் நிலையத்தில் இறங்கி, லண்டனின் வடகிழக்கு ஓரத்தில் உள்ள எப்பிங் காட்டுக்குள் நடந்தோம். ஆயிரம் ஆண்டுப் பழமை என்று கேள்விப்பட்டிருந்ததால், வால்பாறைப் பக்கம் பார்த்ததைப் போல அண்ணாந்து பார்க்கும் மரங்கள் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அங்கே இருந்தவையோ, ஆளுயரத்துக்குச் சற்று மேலே முண்டும் முடிச்சுமாகப் புடைத்து, அந்த ஒரே இடத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிளைகள் கிளம்பிய விகாரமான மரங்கள். தரையில் சருகைத் தவிர வேறொன்றும் இல்லை. மகளின் காலணி சேற்றில் மாட்டிக்கொண்டு, கால் மட்டும் வெளியே வந்தது. "யாரோ வெட்டிய மரங்களைப் போய்ப் பழைய காடு என்கிறீர்களே" என்று ஒன்பது வயது மகன் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியவில்லை.

அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சமதளத்தில் ஒரு மணி நேரம் மெதுவாக நடப்பார். எப்பிங்குக்கே மறுபடி போகலாமா, அல்லது நண்பர்கள் சொல்லும் ஹாட்ஃபீல்டு காட்டுக்குப் போகலாமா? எந்த வாரம் நல்லது? இன்னொன்று: கீரையைக் கண்டால் அம்மாவுக்குக் கை சும்மா இருக்காது. பறிக்க அனுமதி உண்டா என்பதையும் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.

---

மறுதாம்பு:

உங்கள் மகன் கேட்டது நியாயமான கேள்வி. எட்டு ஆண்டுகளாகக் குளிர்கால வார இறுதிகளில் எசெக்ஸ் காடுகளில் மரம் வெட்டும் தன்னார்வலர் குழுவோடு போய்வருகிறேன். நானும் முதல் நாள் இதையேதான் கேட்டேன்.

இங்கிலாந்தில் பழங்காடு என்பது மனிதன் கைபடாத காடு அன்று. குறைந்தது 1600ஆம் ஆண்டு முதல் இடைவெளியின்றிக் காடாகவே இருந்துவரும் நிலம் என்பதுதான் அதன் பொருள். ஓரளவு நம்பத்தக்க நிலப்படங்கள் அந்தக் காலத்திலிருந்துதான் கிடைக்கின்றன என்பதும், அதற்கு முன் மரம் நட்டுக் காடு வளர்க்கும் வழக்கம் அரிது என்பதும் அந்த ஆண்டைத் தேர்ந்ததற்குக் காரணங்கள். 1599இல் ஒருவர் நட்ட தோப்பும் இந்தக் கணக்கில் பழங்காடாகிவிடும் என்பது வேறு கதை. பிரிட்டன் முழுவதிலும் இத்தகைய நிலம் ஏறத்தாழ இரண்டரை விழுக்காடுதான் மிஞ்சியிருக்கிறது. பழமை மரத்தின் உயரத்தில் இல்லை. மண்ணிலும், அதில் உறங்கும் கிழங்குகளிலும், மரத்தின் அடித்தூரிலும் இருக்கிறது. காட்டு அனிமோன் என்னும் சிறிய வெள்ளைப் பூச்செடி நூறாண்டில் ஆறடி தூரம்தான் பரவும் என்பார்கள். அது ஒரு சரிவு முழுவதும் விரித்த பாய் போலப் படர்ந்திருந்தால், அந்த நிலம் எத்தனை காலமாக உழவு காணாமல் இருக்கிறது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வெட்டுவதற்கு வருவோம். கரும்பில் மறுதாம்பு விடுவதை உங்கள் அம்மா அறிந்திருப்பார். ஹேசல், ஆஷ், ஹார்ன்பீம் போன்ற மரங்களையும் இங்கே அப்படித்தான் தரையை ஒட்டி வெட்டி, அடித்தூரிலிருந்து மறுபடி தழைக்க விட்டு, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை வேலிக்கும் விறகுக்கும் கழி எடுத்தார்கள். ஆனால் மாடும் மானும் மேயும் காட்டில் தரையோடு வெட்டினால் குருத்தை அவை விட்டுவைக்கா. ஆகவே கால்நடையின் வாய்க்கு எட்டாத உயரத்தில் வெட்டினார்கள். நீங்கள் நவம்பரில் பார்த்த முண்டும் முடிச்சும் அந்த வெட்டுவாய்கள்தாம்; அத்தகைய மரத்துக்குப் பொலார்டு என்று பெயர். இப்படி வெட்டப்பட்டு வந்த மரம், வெட்டாமல் விட்ட மரத்தைவிட நெடுங்காலம் உயிரோடு இருக்கிறது என்பதுதான் இதில் வியப்பு.

எப்பிங்கில் வெட்டுரிமைக்காக ஒரு போராட்டமே நடந்தது. லௌட்டன் மக்களுக்கு நவம்பர் 11 முதல் ஏப்ரல் 23 வரை கிளை வெட்டி விறகு எடுக்கும் உரிமை இருந்தது. நவம்பர் 11 நள்ளிரவில் முதல் கோடரி விழாவிட்டால் உரிமை பறிபோய்விடும் என்று நம்பி, இருட்டில் காட்டுக்குப் போய் வெட்டித் தொடங்குவார்கள். 1860களில் அவ்வூர் நிலப்பிரபு காட்டை வேலியடைத்தபோது, தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளியும் அவர் குடும்பத்தாரும் வேலியைப் பொருட்படுத்தாமல் வெட்டினார்கள். அவர் உறவினர் சிலர் சிறைக்குப் போனார்கள். பிறகு லண்டன் மாநகராட்சி வழக்கில் இறங்கியது. மாநகராட்சிக்கு அங்கே என்ன உரிமை என்று கேட்பீர்கள். உங்கள் மேனர் பார்க்கை ஒட்டியிருக்கும் பெரிய கல்லறைத் தோட்டத்துக்காக அது முன்பே நிலம் வாங்கியிருந்தது. அந்த நிலத்தோடு சேர்ந்து, காட்டில் கால்நடை மேய்க்கும் பொது உரிமையும் அதற்கு வந்திருந்தது. 1874இல் வழக்கு வென்றது. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது. 1882இல் விக்டோரியா அரசியே நேரில் வந்து காட்டை மக்களுக்கு உரியதாக அறிவித்தார்.

காடு பிழைத்தது, ஆனால் அதே ஏற்பாட்டில் வெட்டுரிமை முடிந்துபோனது. அதற்கு ஈடாகக் கொடுத்த பணத்தில் 1884இல் கட்டிய லாப்பிங் ஹால் ('கிளைவெட்டு மண்டபம்') இன்றும் லௌட்டன் கடைத்தெருவில் நிற்கிறது. வெட்டாமல் விட்ட மரங்களின் கிளைகள் தடித்து, தலைப்பாரம் தாங்காமல் பிளக்கின்றன. அவற்றின் நிழல் மிகுந்து தரையில் செடி முளைப்பதும் குறைந்துவிட்டது. நீங்கள் சருகை மட்டும் கண்டதற்குக் காரணம் அதுவே. இப்போது சில பகுதிகளில் மறுபடி வெட்டத் தொடங்கியிருக்கிறார்கள். காட்டைக் காப்பதாக எண்ணி அதன் பழக்கத்தை நிறுத்தியது அந்தச் சட்டத்தின் பெரும்பிழை என்பது என் கருத்து. இதை ஒப்புக்கொள்ளாத நண்பர்களும் எங்கள் குழுவில் உண்டு.

---

சிங்ஃபோர்டு அக்கா:

தம்பி, மேலே சொன்ன வரலாறெல்லாம் சரிதான். ஆனால் முழங்கால் வலி உள்ளவரை லௌட்டன் பக்கமாக அழைத்துச் செல்லாதீர்கள். அங்கே ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து ஏற்றம்தான். நான் முப்பது ஆண்டுகளாகக் காட்டின் தெற்கு ஓரத்தில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் மாமியாரை, அவர் கைத்தடி ஊன்றிய காலத்திலும் காட்டுக்கு அழைத்துச் சென்றிருக்கிறேன். அதனால் தைரியமாகச் சொல்கிறேன்.

லிவர்பூல் ஸ்ட்ரீட்டிலிருந்து சிங்ஃபோர்டுக்கு அரை மணி நேரத்துக்குள் ரயில் வந்துவிடும். நிலையத்திலிருந்து மெதுவாக நடந்தால், எட்டாம் ஹென்றி அரசருக்காக 1543இல் மரச்சட்டத்தில் கட்டிய வேட்டை மாளிகை வரும். அரசரும் விருந்தினரும் மேல்தளத்தில் நின்று மான்வேட்டையைப் பார்ப்பதற்காகக் கட்டியது அது. 'ஃபாரஸ்ட்' என்ற சொல்லுக்கே அந்நாளில் மரங்கள் நிறைந்த இடம் என்று பொருளில்லை. அரசருடைய மான்களுக்கான சட்டம் செல்லுபடியாகும் நிலம் என்றுதான் பொருள். அருகிலேயே தேநீர்க்கடை உண்டு. அங்கிருந்து கானாட் வாட்டர் என்ற ஏரிக்குப் போங்கள். சக்கர நாற்காலியும் உருளும்படி ஏரியைச் சுற்றிப் பாதை போட்டிருக்கிறார்கள். உட்கார இருக்கைகள் உண்டு. பழைய ஹார்ன்பீம் மரங்களும் பக்கத்திலேயே நிற்கின்றன. நீண்ட கொம்புள்ள மாடுகள் தென்பட்டால் பயப்பட வேண்டாம், அவை காட்டை நிர்வகிக்கும் லண்டன் மாநகராட்சியின் மாடுகள். கழுத்தில் கருவி கட்டியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத எல்லையை நெருங்கினால் அது ஒலி எழுப்பித் திருப்பிவிடும். வேலியே இல்லாமல் மாடு மேய்வதைப் பார்த்து என் மாமியார் நெடுநேரம் நின்றுவிட்டார்.

புளூபெல் எனப்படும் காட்டு நீலப்பூ பார்க்க வேண்டுமென்றால் அதற்கு எப்பிங் வேண்டாம். உங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே வான்ஸ்டெட் பூங்காவில் சாலே வுட் என்ற சிறுகாடு இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்தில், மரங்கள் முழுவதும் இலை விடுவதற்கு முன், காலை பத்து மணிக்குள் போங்கள். பாதை எது என்று தெரிவதற்காகத் தன்னார்வலர்கள் இருபுறமும் மரக்கட்டைகளைக் கிடத்தியிருப்பார்கள். படம் எடுக்கிறேன் என்று பிள்ளைகளைப் பூவுக்குள் உட்கார வைக்காதீர்கள். மிதிபட்ட இலையால் கிழங்குக்கு உணவு சேர்க்க முடியாது, அந்தத் தடம் தேறப் பல ஆண்டுகள் ஆகும்.

உண்ணி பற்றியும் சொல்ல வேண்டும். மாட்டு உண்ணியைப் பார்த்தவர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். இங்குள்ள உண்ணி சிலவேளை லைம் நோயைப் பரப்பும். முழுக்கால்சட்டை போட்டு, அதன் விளிம்பைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். அம்மா சேலைதான் கட்டுவார் என்றால், உள்ளே நீண்ட காலுறை போட்டு, புல்லுக்குள் இறங்காமல் பாதையிலேயே நடக்கட்டும். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்பு எல்லாம் பாருங்கள். கடித்திருந்தால் மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். எண்ணெயோ நெருப்போ வைக்க வேண்டாம். பிறகு சில வாரங்களில் வட்டமாகத் தடிப்பு வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

---

பசலை:

கீரை பற்றிய கேள்வி விடுபட்டுவிட்டது. எப்பிங்கில் பறிக்கக் கூடாது என்பதே சுருக்கமான பதில். செடிகளுக்கு மட்டுமன்றிக் காளானுக்கும் இந்தத் தடை உண்டு. கூடை கூடையாகக் காளான் எடுத்தவர்கள் மீது வழக்குத் தொடர்ந்திருக்கிறார்கள். இன்னொருவர் நிலத்திலிருந்து எந்தக் காட்டுச் செடியையும் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுவதும் குற்றம். வேறு காடுகளில் ஈரமான இடத்தில் பூண்டு மணக்கும் அகன்ற இலைகளைப் பார்ப்பீர்கள். அது காட்டுப் பூண்டு, உண்ணத்தக்கதுதான். ஆனால் அதே இடத்தில் முளைக்கும் சேம்பு இனத்துச் செடி ஒன்று நஞ்சு. பூண்டைத் தொட்ட கையால் எதைக் கசக்கினாலும் பூண்டாகவே மணக்கும் என்பதால் மணத்தை நம்பியும் பயனில்லை.

ஹாட்ஃபீல்டை இலையுதிர்காலத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். அரசர்களின் வேட்டைக்காடு எப்படி இருந்தது என்பதை அதைவிட முழுமையாக எங்கும் காண முடியாது. மாடு புகாமல் மறுதாம்புக் காட்டைச் சுற்றி எடுத்த கரையும் பள்ளமும்கூட இன்னும் இருக்கின்றன. எப்பிங்குக்காகப் பாடுபட்ட எட்வர்டு நார்த் பக்ஸ்டன் தம் இறுதி நாட்களில் அதையும் வாங்கி 1924இல், பாரம்பரிய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் வசம் சேரச் செய்தார். களிமண் பூமி என்பதால் மழைக்காலத்தில் நடைபாதைகளையே மூடிவிடுவார்கள். ஸ்டான்ஸ்டெட் விமான நிலையம் அருகில் இருப்பதால் தலைக்கு மேல் இரைச்சல் இருக்கும்; அமைதியை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

---

மேனர்பார்க்வாசி:

மூவருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம், இத்தனை விரிவாக எழுதியவர்களுக்கு நடந்ததைச் சொல்வது என் கடமை.

சாலே வுட்டுக்கு வார நாளில் காலையிலேயே போனோம். அம்மா நீலப்பூவைப் பார்த்தார், அழகாக இருக்கிறது என்றார், பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போகலாமா என்றார். எனக்குச் சற்று ஏமாற்றம்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிங்ஃபோர்டு. வேட்டை மாளிகையின் படிகளை ஏற முடியாது என்று கீழேயே உட்கார்ந்துகொண்டார். ஏரிக்கரையில் பாதி தூரம் போனதும் ஒரு ஹார்ன்பீம் மரத்தின் முன் நின்றார். நான் 'மறுதாம்பு' ஐயா எழுதியதை விளக்கத் தொடங்குவதற்குள், "இது தழைக்கு வெட்டுகிற மரம்தானே?" என்று கேட்டார். எங்கள் வாய்க்கால் கரையில் வரிசையாகப் பூவரசு நின்றது எனக்கு மங்கலாக நினைவிருக்கிறது. நடவுக்கு முன் அப்பா அவற்றின் கிளைகளைக் கழித்து, தழையைச் சேற்றில் மிதித்துவிடுவார் என்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த மரங்களுக்கும் இதே இடத்தில் இதே முண்டு இருக்குமாம்.

பிறகு கிளை ஒன்று தாழ்ந்திருந்த மரத்தருகே போய், அதை இரு கைகளாலும் கட்டிப்பிடித்துப் பார்த்தார். கைகள் சேரவில்லை. "வெட்டி எத்தனை வருஷம் இருக்கும்?" என்றார். நூற்றைம்பதுக்குக் கொஞ்சம் குறைவு என்றேன். "அத்தனை வருஷமா யாருக்கும் விறகு வேண்டியிருக்கவில்லையா?" என்று கேட்டதற்கு, வில்லிங்கேல் கதையை முழுவதும் சொல்ல வேண்டியதாயிற்று. வெட்டியதற்காகச் சிறைக்குப் போனார்கள் என்ற இடத்தில் மகனும் வந்து நின்று கேட்டான். திரும்பும் வழியில் முண்டு உள்ள மரங்களை அவன் எண்ணத் தொடங்கி, நாற்பதுக்கு மேல் கணக்கைத் தவறவிட்டான்.

அம்மாவுக்கு வலி அதிகமாகவில்லை. உண்ணி என் காலுறையில்தான் ஒன்று ஏறியிருந்தது. தோலைத் தொடுவதற்குள் அம்மா பார்த்து எடுத்துவிட்டார். அக்டோபரில் அவர் இங்கே இருக்கமாட்டார் என்பதால் ஹாட்ஃபீல்டுக்கு மே மாதக் கடைசியில் போகலாமா என்று யோசிக்கிறோம். மழையில்லாத வாரமாக இருந்தால் மே மாதத்தில் களிமண் காய்ந்திருக்குமா என்று 'பசலை' அவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.