சாலினாய்டு, ஸ்டார்ட்டர் மோட்டார்: தமிழில் என்ன போடலாம்?

மொழிபெயர்ப்பாளர்:
அன்பர்களே, பழைய வேன்களுக்கான பழுதுபார்ப்புக் கையேடு ஒன்றைத் தொழிற்பயிற்சி மாணவர்களுக்காகத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு "டக்" கேட்டு, எஞ்சின் சுற்றாமல் நிற்கும் இடத்தில் சிக்கிக்கொண்டேன். சத்தம் போடுவது சாலினாய்டு, அதாவது மின்சாரம் பாய்ந்ததும் இரும்புத் தண்டை இழுக்கும் பாகம். பாடநூல் வரிச்சுருள் என்கிறது. எஞ்சினை முதலில் சுற்றிவிடும் மோட்டாரான ஸ்டார்ட்டருக்குத் 'தொடக்கி' என்று எழுதினேன், ஒட்டவில்லை. இயக்கி சரிவருமா?

பணிமனைப் பயிற்றுநர்:
தம்பி, மாணவர்கள் வாயில் "செல்ஃப் எடுக்கல" என்பதுதான் வரும். 1912 கேடிலாக் காரில் மின்சார செல்ஃப் ஸ்டார்ட்டர் வந்து கைப்பிடி போட்டுச் சுற்றும் வேலையை ஒழித்தது. அந்த 'செல்ஃப்'தான் நம்மிடம் நின்றுவிட்டது.

எனக்குக் கவலை வரிச்சுருள்மேல்தான். அது வெறும் கம்பிச்சுருளுக்குப் பெயர். ஸ்டார்ட்டர்மேல் இருக்கும் சாலினாய்டு இரண்டு வேலை பார்க்கிறது. இரும்புத் தண்டை உள்ளே இழுக்க, அது நெம்புகோல் வழியாகப் பினியன் என்ற சிறு பற்சக்கரத்தைத் தள்ளி, எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் பல்லில் மாட்டுகிறது. இழுப்பு முடியும் இடத்தில் தடித்த செம்பு முனைகள் சேர்ந்து மோட்டாருக்கு நூறு ஆம்பியருக்கு மேல் மின்சாரம் போகிறது. முனை கருகியிருந்தால் டக் கேட்கும், மோட்டார் சுற்றாது. வரிச்சுருள் என்று படித்த பையன் சுருளை மட்டும் சோதித்துவிட்டு "நல்லா இருக்கு" என்று திரும்ப மாட்டிவிடுவான்.

இலக்கண ஆசிரியர்:
இயக்கி வேண்டாம். சிலப்பதிகாரத்தில் ஆயர்குல முதுமகள் மாதரி பால்மடை கொடுத்து வணங்குவது பூங்கண் இயக்கி என்ற பெண்தெய்வத்தை. இசக்கியம்மனும் அந்த வழிதான். யட்சி என்பதோடு இதற்குள்ள உறவைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

என் பரிந்துரை 'கிளப்பி'. கிளம்பு தன்வினை, கிளப்பு பிறவினை. எஞ்சின் கிளம்புகிறது, மோட்டார் கிளப்புகிறது. சாலினாய்டு என்ற பெயருக்குப் பிரெஞ்சு அறிஞர் ஆம்பியர் எடுத்தது குழாயைக் குறிக்கும் கிரேக்கச் சொல். ஆகவே குழற்சுருள்.

மொழிபெயர்ப்பாளர்:
ஐயா, கிளப்பி அழகாக இருக்கிறது. ஆனால் அடுத்த தலைப்பு 'கிளப்பி கழற்றுதல்'. எஞ்சினைக் கிளப்பிவிட்டுக் கழற்று என்று படிக்க மாட்டார்களா? பேட்டரியின் எதிர்முனை இணைப்பை முதலில் எடுக்கச் சொல்லும் பக்கம் அது.

இலக்கண ஆசிரியர்:
'கிளப்பியைக் கழற்றுதல்' என்று உருபைப் போட்டால் தீர்ந்தது. கிளப்பான் என்று ஆக்கிவிடாதீர்கள். உண்ணான், செய்யான்போல அது கிளப்பமாட்டான் என்றாகிவிடும்.

பயிற்றுநர்:
எண்ணெய்க் கையோடு புரட்டுகிறவன் உருபைப் பார்க்க மாட்டான், ஐயா. செல்ஃப் என்றே இருக்கட்டும். வடசொல்லையே எழுத்து மாற்றி ஏற்கலாம் என்று தொல்காப்பியர் வழிவிட்டிருக்கிறாரே.

தனித்தமிழ் அன்பர்:
"வடவெழுத்து ஒரீஇ", அதாவது வடவெழுத்தை நீக்கி, என்பதை விட்டுவிட்டீர்கள், அண்ணா. நம் எழுத்துக்குள் வரும் சொல்லுக்குத்தான் அனுமதி. வல்லின மெய் நம் சொல்லின் ஈற்றில் நிற்காது. அப்படியானால் 'செல்பு' என்றல்லவா எழுத வேண்டும்? சாலினாய்டுக்கு 'இழுசுருள்' என்கிறேன். வினைத்தொகை, செய்யும் வேலையும் தெரிகிறது.

பயிற்றுநர்:
உள்ளே இரண்டு சுருள் இருக்கிறதே. ஒன்று தண்டை இழுக்கிறது, இன்னொன்று இழுத்ததை விடாமல் பிடிக்கிறது. மொத்தத்துக்கும் இழுசுருள் என்றால் உள்ளிருக்கும் இழுக்கும் சுருளுக்கு என்ன பெயர்?

உள்ளே இருப்பவற்றுக்கு இழுப்புச் சுருள், பிடிப்புச் சுருள் என்று வைக்கலாம். பேட்டரி இறங்கியிருந்தால் "டக்டக்டக்" என்று விடாமல் அடிக்கும். மோட்டார் மின்சாரத்தை வாங்கியதும் வோல்ட் விழும், பிடிப்புச் சுருள் தண்டை விட்டுவிடும். வோல்ட் ஏறியதும் திரும்ப இழுக்கும். பெயரைச் சொன்னாலே பையனுக்கு ஒற்றை டக்குக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு புரிந்துவிடும். இப்படித் தமிழ் உதவும் இடத்தில் கட்டாயம் போடுவோம்.

மொழிபெயர்ப்பாளர்:
நாளை வெள்ளி. பயிற்றுநர் சொன்னபடி செய்முறையில் செல்ஃப் மோட்டார், சாலினாய்டு. உள்ளே இழுப்புச் சுருள், பிடிப்புச் சுருள். கிளப்பி சொல்லடைவில் மட்டும் வரும். அனைவருக்கும் நன்றி.

தனித்தமிழ் அன்பர்:
சாலினாய்டுக்கு நான் உடன்படவில்லை. மறுபதிப்புக்கு முன் 'பற்றுவிசை' பற்றி எழுதுகிறேன். விசை என்பதற்கு சுவிட்ச் என்ற பொருளும் உண்டு, யோசித்துப் பாருங்கள்.