படை வரலாறு, அருங்காட்சியகவியல்: மகளைச் சேர்க்கலாமா?

பாளையங்கோட்டை அப்பா:
மகள் இளங்கலை வரலாறு முடிக்கிறாள். போர்களைப் பற்றிப் படித்து, பரோடாவில் அருங்காட்சியகவியல் முதுகலை சேர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள். சேர்க்கலாமா?

மேலப்பாளையம் வாத்தியார்:
வேண்டாம் தம்பி. பி.எட். சேருங்கள். அருங்காட்சியகக் காப்பாட்சியர் பதவிக்குத் தேர்வாணைய அறிவிப்பு எப்போதாவது வரும். வந்தாலும் விரல்விட்டு எண்ணும் இடங்கள்தான். மேலும், நம் பக்கம் காட்ட என்ன மிஞ்சியிருக்கிறது? பாஞ்சாலங்குறிச்சியில் நிற்பது 1974-இல் அரசு கட்டிய நினைவுக் கோட்டை. ஆதிச்சநல்லூரில் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பு ஆயுதங்கள் அப்போதே சென்னைக்குப் போய்விட்டன.

ஓய்வுபெற்ற காப்பாட்சியர்:
அண்ணாச்சி, மிஞ்சியது கொஞ்சம் என்பதால்தான் படித்த ஆள் வேண்டும் என்கிறேன். ஒரு குடும்பம் பரம்பரை வாள் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தது. ஆயுத பூஜைதோறும் செங்கல் பொடியால் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார்கள். பக்தியோடு செய்ததுதான். ஆனால் வாளைச் செய்த பட்டறையின் குறி இருந்திருந்தால் அது பொடியோடு போய்விட்டது. இரும்பில் துரு ஏறும்போது உறையின் மரத்தடமும் துணியின் நெசவும்கூட அதில் பதிந்து நிற்கும். சுரண்டினால் அந்தச் சான்று அழியும். சுரண்டாமல் விட்டாலோ, உள்ளே இறங்கிய உப்பு தின்றுகொண்டே இருக்கும். எதை நீக்குவது, எதை விடுவது என்று தெரிந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனை பேர்?

மேலப்பாளையம் வாத்தியார்:
ஐயா, அது வேதியியல். போர் வரலாறு எதற்கு? கட்டபொம்மன் கதை பள்ளி நாடகத்திலேயே இருக்கிறதே.

ஓய்வுபெற்ற காப்பாட்சியர்:
நாடகம் 1799-இல் கயத்தாற்றுத் தூக்கோடு முடிந்துவிடுகிறது. 1801 பிப்ரவரியில் இதே பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய கட்டபொம்மன் தம்பி ஊமைத்துரை, கம்பெனி இடித்துத் தள்ளிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைச் சில நாட்களில் மண்ணால் எழுப்பினார். மார்ச் இறுதியில் கம்பெனிப் படை மோதித் தோற்றது. பெரிய பீரங்கிகளை வரவழைத்து மே 24-இல்தான் உள்ளே நுழைய முடிந்தது. ஒரு மண்சுவர் இரண்டு மாதம் எப்படித் தாங்கியது? விரிவாக எழுதி வைத்தவர் எதிரணியில் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ். அவர் எழுத்தை நம் மண்ணோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கும் பயிற்சிக்குப் பெயர்தான் படை வரலாறு. அது தெரியாதவர் வைக்கும் பலகையில் 'வாள்' என்ற ஒரு சொல்தான் இருக்கும்.

மேலப்பாளையம் வாத்தியார்:
வாதம் சரி. ஆனால் முப்பது வயதில் ஒப்பந்தச் சம்பளத்தோடு அந்தப் பிள்ளை நின்றால் நீங்களா வந்து பார்ப்பீர்கள்?

ஓய்வுபெற்ற காப்பாட்சியர்:
அந்தப் பயத்தை நான் மறுக்கவில்லை. மாநில அரசை மட்டும் நம்ப வேண்டாம். இந்தியத் தொல்லியல் துறையின் கோட்டை அருங்காட்சியகம் சென்னையில் இருக்கிறது. ராணுவப் படைப்பிரிவுகளும் சொந்தமாக வைத்திருக்கின்றன. தம்பி, பழம்பொருள் பாதுகாப்பு வேதியியலையும் சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை அப்பா:
பரோடாவுக்கு விண்ணப்பம் போடச் சொல்லிவிட்டேன். பி.எட். விண்ணப்பமும் மேசையில் இருக்கிறது வாத்தியார் ஐயா. அதை அவள் இன்னும் தொடவில்லை.