ஓட்டை போட்ட பிரேக் டிஸ்க்: மாட்டி ஓட்டியவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

நிசான் 350இசட், கலிஃபோர்னியா

என் காரில் இருப்பது பிரெம்போ கம்பெனியின் பிரேக் செட். டிஸ்க் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டு, பிரேக் அதைத்தான் பிடிக்கும். முன்னால் 324 மி.மீ., பின்னால் 322 மி.மீ. டிஸ்க். முன் டிஸ்க் இரண்டும் தேய்ந்து, அதன் மேலேயே அச்சிட்டிருக்கும் குறைந்தபட்சத் தடிமனை நெருங்கிவிட்டன. எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், ஓட்டை போட்டதாகவே வாங்கினால் என்ன என்று மனசு அடித்துக்கொள்கிறது. பார்க்க அழகாக இருக்கும் என்பதும் ஒரு காரணம், ஒளிக்கவில்லை. வார நாட்களில் ஆபீஸ், சனி ஞாயிறு மலைச்சாலை, அவ்வப்போது லகுனா சேக்கா, தண்டர்ஹில் டிராக். விற்பவர்கள் எல்லோரும் "பிரேக் சூடு குறையும்" என்கிறார்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் என்ன கண்டீர்கள்?

கார்வெட் சி5 இசட்06, டெக்சாஸ்

என்னுடையதில் கம்பெனி போட்டு அனுப்பியது ஓட்டை இல்லாத 325 மி.மீ. டிஸ்க். நான் வெளியில் ஓட்டை போட்டது வாங்கி மாட்டினேன். எந்த பிராண்ட் என்று கேட்காதீர்கள், எந்த பிராண்டாக இருந்தாலும் இதே கதைதான் நடந்திருக்கும். ஊருக்குள் ஓட்டியவரை ஒரு குறையும் இல்லை. ஆஸ்டின் பக்கத்தில் இருக்கும் சர்க்யூட் ஆஃப் தி அமெரிக்காஸுக்கு எடுத்துப்போன பிறகுதான் வேறு முகம் தெரிந்தது. அங்கே பின் நேர்பாதை ஒரு கிலோமீட்டருக்கும் மேல். முடிகிற இடத்தில் 12-ஆம் வளைவு, பிரேக்கில் ஏறி நிற்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆளோடு சேர்த்து 1,500 கிலோ வண்டியை 200 கி.மீ. வேகத்திலிருந்து 80-க்கு இறக்கினால் சுமார் 19 லட்சம் ஜூல். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டுக்கும்தான் போகிறது, அதுவும் சில விநாடிக்குள். அந்தச் சூட்டை அந்த நொடியில் வாங்கிக்கொள்வது இரும்பின் எடை. காற்று வந்து ஆற்றுவதெல்லாம் அதற்கு அப்புறம். ஓட்டை போடும்போது நாம் எடுப்பது அந்த இரும்பைத்தான்.

மாலை சக்கரத்தைக் கழற்றினால் ஓட்டைகளைச் சுற்றி முடி போல விரிசல்கள். எல்லா டிராக் டிஸ்க்கிலும் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் வரும், அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு ஓட்டையிலிருந்து பக்கத்து ஓட்டைக்கு விரிசல் ஓடினாலோ, டிஸ்க்கின் விளிம்பைத் தொட்டாலோ அன்றைக்கே கழற்றி எறிந்துவிடுங்கள். நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், தட்டினால் அது மேற்பரப்புக் கோடு இல்லை. நான் எறிந்துவிட்டு ஓட்டை இல்லாத சாதா டிஸ்க்குக்கே திரும்பிவிட்டேன்.

எம்எக்ஸ்-5 என்சி, பர்மிங்ஹாம்

எதிர்க்கட்சியாக ஒரு குரல். நான் டிராக் பக்கமே போவதில்லை. ஆயிரத்து நூறு கிலோ வண்டி, முன்னால் 290 மி.மீ. டிஸ்க். ஓட்டை போட்டது மாட்டி ஓட்டுகிறேன், திருப்தி. இங்கே மழைக்குக் குறைவே இல்லை. மோட்டார்வேயில் நெடுநேரம் பிரேக் தொடாமல் மழையில் வந்து சட்டென்று பெடலை மிதித்தால், முதல் தொடுதலிலேயே பிடிக்கிறது. பழைய டிஸ்க்கில் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் பிடிக்கும். டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடும் கூடவே புதிதாகப் போட்டேன், அதனால் பெருமை முழுவதையும் ஓட்டைக்குக் கொடுக்க மாட்டேன்.

தொல்லை இரண்டு. வேகத்தில் பிரேக் அடித்தால் மெல்லிய ரீங்காரம். அப்புறம், குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுவார்கள், அது பேட் தூளோடு சேர்ந்து ஓட்டைகளை அடைத்துக்கொள்ளும். வாங்கும்போது துத்தநாகப் பூச்சு உள்ளதாகப் பாருங்கள். பேட் உரசும் இடத்தில் அது சீக்கிரம் போய்விடும், நடுப்பகுதியும் விளிம்பும் துருப்பிடிக்காமல் இருக்க உதவும்.

ஒர்க்‌ஷாப், கோயம்புத்தூர்

சார், இங்கே வேறு மாதிரி. ஒரிஜினல் டிஸ்க்கையே கழற்றிக்கொண்டு வந்து, "அண்ணா, லேத்தில் கொடுத்து ஓட்டை போட்டுத் தாங்க" என்பார்கள். கோயம்புத்தூரில் லேத்துக்கா பஞ்சம்! ஆனால் நான் செய்வதில்லை. கார் முன் டிஸ்க் உள்ளே கூடு. இரண்டு தகடுகளுக்கு நடுவே காற்று போக வரிசையாகத் தடுப்புகள் இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் துளைத்தால் தடுப்பின் மேலேயே பிட் இறங்கும், அந்த இடம் பலவீனமாகும், பேலன்ஸும் போகும். ஓட்டையின் விளிம்பைச் சாய்த்துச் செதுக்காவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் புறப்படும். "பைக்கில் ஓட்டை இருக்கிறதே" என்பார்கள். பைக் டிஸ்க் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இது வார்ப்பிரும்பு. ஸ்டீல் கொஞ்சம் வளைந்துகொடுக்கும், வார்ப்பிரும்பு உடைந்துவிடும்.

கரி மோட்டார் ஸ்பீட்வேக்குப் போகிறவர்களும் வருவார்கள். 2.1 கி.மீ. டிராக், பிரேக் ஆறுவதற்கு நேரமே கிடைக்காது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் நான் முதலில் கேட்பது பெடல் எப்படி இருந்தது என்றுதான். பஞ்சு மாதிரி தரை வரை போனதா? பிரேக் ஆயில் கொதித்திருக்கிறது. கல் மாதிரி கெட்டியாக இருந்தும் வண்டி நிற்கவில்லையா? பேட் தாங்கவில்லை. இரண்டுக்கும் ஓட்டை மருந்து இல்லை. டாட் 4 தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது விதி, ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 155-தான். பழைய ஆயிலோடு விலையுயர்ந்த டிஸ்க் போட்டு என்ன பயன்?

நிசான் 350இசட், கலிஃபோர்னியா

நன்றி. ஒரு சந்தேகம் மட்டும் போகவில்லை. போர்ஷே 911-க்குக் கம்பெனியிலேயே ஓட்டை போட்டுத்தானே கொடுக்கிறான்?

கார்வெட் சி5 இசட்06, டெக்சாஸ்

கொடுக்கிறான். ஓட்டை போன பிறகும் இரும்பு போதுமான அளவு இருக்கிற மாதிரி டிஸ்க்கின் அளவை முதலிலேயே முடிவு செய்கிறான். நாம் அதே 324 மி.மீ. டிஸ்க்கில் இருக்கிற இரும்பையும் குறைக்கிறோம், அதுதான் வித்தியாசம். அந்தக் காலத்து பேடில் இருந்த பிசின் சூட்டில் வாயுவாகி, பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே படலம் மாதிரி நிற்கும். அது வெளியேறத்தான் ஓட்டை வந்தது. இன்றைய நல்ல பேடில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. ஏதாவது வேண்டும் என்றால், ஓட்டைக்குப் பதில் மேற்பரப்பில் பள்ளமாகக் கோடு கீறிய டிஸ்க் பாருங்கள். பேட் கொஞ்சம் சீக்கிரம் தேயும், சத்தமும் வரும், ஆனால் விரிசல் பயம் குறைவு.

நிசான் 350இசட், கலிஃபோர்னியா

சரி, முடிவு செய்துவிட்டேன். ஓட்டை இல்லாத டிஸ்க், டிராக்கைத் தாங்கும் பேட், புது ஆயில். டிஸ்க்கில் மிச்சமாகும் பணம் பேடுக்குப் போகட்டும். பார்த்துவைத்திருக்கும் டிஸ்க்கில் உள் தடுப்புகள் வளைந்திருக்கின்றன, பெட்டியில் இடது, வலது என்று எழுதியிருக்கிறது. கவனிக்க ஏதாவது உண்டா?

ஒர்க்‌ஷாப், கோயம்புத்தூர்

உண்டு சார். மாட்டி நிறுத்தியபின் மேல்பக்கம் பார்த்தால், தடுப்புகளின் வெளிநுனி வண்டியின் பின்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்போதுதான் நடுவிலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும். கோடு கீறியது வாங்கினாலும் கோடு எந்தப் பக்கம் என்று பார்க்காதீர்கள், தடுப்பைப் பாருங்கள். டிஸ்க் உட்காரும் ஹப் முகத்தில் இருக்கும் துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தமாகத் தேய்த்துவிடுங்கள். துரு இருந்தால் டிஸ்க் கோணலாக உட்காரும், கொஞ்ச நாளில் பெடல் துடிக்கும், "டிஸ்க் வளைந்துவிட்டது" என்று கடைக்காரனைத் திட்டுவீர்கள். மாட்டியதும் பேடும் டிஸ்க்கும் பழக, ஆளில்லாத ரோட்டில் 100-லிருந்து 20 வரை பல தடவை இறக்குங்கள், முழுசாக நிறுத்தாமல். பிறகு பிரேக் தொடாமல் கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிடுங்கள். சூட்டோடு பெடலை மிதித்துக்கொண்டு சிக்னலில் நின்றால் பேடின் அச்சு அப்படியே டிஸ்க்கில் பதிந்துவிடும்.