பண்ணைப் பாலத்திலை பனர் கட்டின சைக்கிள்

வேலணை றோட்:
யாழ்ப்பாணத்திலை வீதிப் பாதுகாப்புக்கெண்டு விட்ட சைக்கிள் ஓட்டத்திலை நடந்ததைத்தான் சொல்லுறன். கோட்டையைத் தாண்டிப் பண்ணைப் பாலத்திலை ஏறினதுதான், ஹாண்டிலிலை நாலடிக்கு மூண்டடி பனர் கட்டின லுமாலாச் சைக்கிள் ஒண்டு தன்பாட்டிலை நடுறோட்டுக்கு வளைஞ்சுது. பின்னாலை மினிபஸ். பனரிலை 'மெதுவாகச் செல்லவும்' எண்டு கிடந்தது.

சோளகம், அதுதான் தென்மேற்குக் காத்து, அங்கை இடப்பக்கத்தாலை அடிக்கும், மறைப்புக்கு ஒரு பனையும் இல்லை. ஹாண்டிலிலை கட்டினதைக் காத்துத் தள்ளினால் முன்சில்லும் சேர்ந்து திரும்பும். பனரிலை ஓட்டை வெட்டினாலும் பெரிசாக் குறையாது. வாசகத்தைத் துணியிலை அடிச்சு முதுகிலை நாலு மூலையும் ஊசி குத்திவிடுங்கோ. சைக்கிளிலைதான் வேணுமெண்டால் பின் கரியரிலை, ஒரு அடி காணும். நைலோன் கயித்து நுனியை ஒட்ட வெட்டுங்கோ. கம்பிக்குள்ளை சுத்தினால் சில்லு அப்பிடியே இறுகும்.

பின்சில்லு:
காத்திலை பழியைப் போடாதேங்கோ. அதிலை நாலுபேர் பக்கம்பக்கமாப் போனவை, வளைஞ்ச ஆளுக்கு ஒதுங்க இடமில்லை. இரண்டு பேருக்கு மேலை கூடாது, பாலத்திலை ஒருதருக்குப் பின்னாலை ஒருதர். முன்னாலை போறவரின்ரை பின்சில்லுக்குப் பக்கத்திலை உங்கடை முன்சில்லை விடாதேங்கோ. உரசினால் விழுறது பின்னாலை வாற ஆள்தான். 10 பேருக்கு ஒரு குழு, குழுவுக்குக் குழு 50 மீற்றர். அப்பத்தான் பஸ்காரர் ஒவ்வொரு குழுவா முந்துவார்.

ஒட்டுக்காரன்:
இரண்டு பேரும் சொல்லுறது சரி, ஆனால் இதே ஓட்டத்திலை கோண்டாவில் பக்கம் தண்டவாளத்திலை சரிஞ்ச சைக்கிளை ஒருதரும் கதைக்கேல்லை. பாதை தண்டவாளத்தைக் கோணலா வெட்டுற இடத்திலை சில்லு இடுக்குக்குள்ளை இறங்கும். கொஞ்சம் முன்னமே ஒதுங்கி, நேர்குத்தாக் கடக்கவேணும், தண்டவாளத்துக்கு மேலை பிறேக் பிடிக்கப்படாது. மழையெண்டால் இறங்கி உருட்டுங்கோ.

வெளிக்கிட முன்னம் செயினை நடுவிலை அமத்திப் பாருங்கோ, அரை அங்குலம் ஆடவேணும். கனக்க ஆடினால் கழரும். சில்லு நட்டுக்குப் பொருந்துற ஸ்பானர் ஒண்டு குழுவுக்குப் போதும். இடப்பக்கப் பெடல் எதிர்மரை, வலப்பக்கம் மாதிரித் திருப்பினால் மரை போகும். முள்ளுக் குத்தினால் ரியூபைக் கழட்டினவுடனை ரயருக்குள்ளை விரலை மெதுவா ஓட்டிப் பாருங்கோ. முள்ளை எடுக்காமல் ஒட்டுப் போட்டால் அரை மைலிலை திரும்பவும் காத்துப் போகும். அரத்தாளாலை தேய்ச்சு, சொலுசன் பூசி, தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காயவிட்டுத்தான் ஒட்டை அமத்தவேணும். ஈரத்திலை ஒட்டினால் காத்து அடிக்கேக்கையே கிளம்பும்.

வேலணை றோட்:
பஞ்சரை ஆர் கேட்டது தம்பி? நாலுபேர் போனதும் உண்மைதான், ஆனால் முதல் வளைஞ்சது பனர் கட்டின சைக்கிள்.

சுன்னாகம் அக்கா:
சண்டையை விடுங்கோ. கடைசியாப் போற ஆளிட்டை முதலுதவிப் பை இருக்கோ எண்டு ஒருதரும் பாக்கேல்லை. 1990 அம்புலன்ஸுக்கு எடுத்தால் இடத்தைக் கேப்பினம். 'பண்ணைப் பாலம்' எண்டு மட்டும் சொன்னால் காணாது. கோட்டைப் பக்கமோ, மண்டைதீவுச் சந்திப் பக்கமோ எண்டு சொல்லுங்கோ.