ஸ்கூல் பஸ் போனதும் வயிற்றுவலி போய்விடுகிறது. ஆலோசகரால் என்ன செய்யமுடியும்?

ஒற்றை சாக்ஸ்:
பையனுக்கு 12 வயது. மூன்று வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை. காலையில் யூனிஃபார்ம் போடுவான். ஒரு சாக்ஸை மாட்டிவிட்டு, இன்னொன்றைக் கையில் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிடுவான். வயிறு வலிக்கிறது என்று அழுகை. பஸ் போன சத்தம் கேட்டதும் முகம் தெளிந்துவிடும். சனி, ஞாயிறு வலியே கிடையாது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றுவிட்டார். வீட்டில் 'நடிக்கிறான், ரெண்டு போடு' என்கிறார்கள். பள்ளியில் ஆலோசகரைப் பார்க்கச் சொல்கிறார்கள். பேசிப்பேசி என்ன ஆகப்போகிறது?

கவுன்சிலர் அக்கா:
நடிப்பில்லைங்க. பயந்தால் வயிறு நிஜமாகவே வலிக்கும். பஸ் போனதும் வருகிற நிம்மதிதான் சிக்கல். 'போகாமல் இருந்தால் தப்பிக்கலாம்' என்று தினமும் அது பாடம் நடத்துகிறது. நாள் ஆக ஆகத் திரும்பிப்போவது கஷ்டமாகும்.

நான் 11 வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். 'ஏன் போகமாட்டேங்கிற?' என்று முதலில் கேட்கவே மாட்டேன். வீடே கேட்டு முடித்திருக்கும், பாதிப் பிள்ளைகளுக்குப் பதிலும் தெரியாது. பள்ளி நாளைத் துண்டுச்சீட்டுகளில் எழுதுவேன்: பஸ், அசெம்பிளி, ஒவ்வொரு பீரியட், சாப்பாட்டு இடைவேளை, பாத்ரூம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10 வரை பயத்துக்கு மார்க் போடச் சொல்வேன். ஒரு பெண் கணக்குக்கு 2 போட்டாள், சாப்பாட்டு இடைவேளைக்கு 10. பக்கத்தில் உட்கார ஆளில்லை அவளுக்கு. வீட்டில் கணக்கு டியூஷன் தேடிக்கொண்டிருந்தார்கள்!

கியர்னி, சில்வர்மன் என்ற இரு உளவியலாளர்கள் 1990-ல் பிள்ளைகள் பள்ளிக்குப் போக மறுக்கும் காரணங்களை நான்காகப் பிரித்தார்கள்: பள்ளியில் ஏதோ ஒன்று தரும் கலக்கம், நாலு பேர் முன் பேசுவதோ பரீட்சையோ தரும் பயம், பெற்றோரை விட்டுப் பிரியமுடியாமை, வெளியே கிடைக்கும் சுகம். எது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்கக்கூடாது.

பிறகு குறைந்த மார்க்கிலிருந்து படிப்படியாக. கேட் வரை நடப்பது, ஒரு பீரியட் லைப்ரரியில் இருப்பது, உள்ளே போனதும் தேடிப்போக ஒரு டீச்சர். பயம் கொஞ்சம் இறங்கும்வரை அங்கேயே இருக்கவேண்டும், உச்சத்தில் கூட்டிவரக்கூடாது. கேலி, அடி என்று ஏதாவது நடந்தால் மட்டும் கதை வேறு. திருந்தவேண்டியது பள்ளி, பிள்ளையைப் பழக்குவது அநியாயம்.

மாடிவீட்டு அப்பா:
நாங்கள் எங்கள் பெண்ணை ஒருநாள் தூக்கிக்கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தோம். அடுத்த நாள் பாத்ரூமுக்குள் தாழ் போட்டுக்கொண்டாள். அந்த வழி வேண்டாம்.

ஒற்றை சாக்ஸ்:
அக்கா, நேற்று ராத்திரி சீட்டு எழுதிப்பார்த்தோம். எல்லாம் 3, 4. பி.டி. பீரியடுக்கு முன் உடை மாற்றுவதற்கு மட்டும் 9. கேட்டேன், போர்வையை இழுத்துக்கொண்டான். பி.டி. சாரிடம் பேசட்டுமா?

கவுன்சிலர் அக்கா:
இன்றைக்கு வேண்டாம். அந்தச் சீட்டை யாருக்குக் காட்டலாம் என்று முதலில் அவனிடமே கேளுங்கள்.