வாத இதயநோய் ஆய்வில் மகளைச் சேர்க்கலாமா?

தக்கலையிலிருந்து ஒரு தந்தை:
என் 9 வயது மகளின் எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனையில் இதய வால்வில் வாத இதயநோயின், அதாவது தொண்டைத் தொற்றைத் தொடரும் வாதக் காய்ச்சலால் வரும் வால்வுப் பாதிப்பின், தொடக்க அடையாளம் தெரிவதாகச் சொல்லி, ஒரு மருத்துவ ஆய்வில் சேர்க்கச் சம்மதமா என்று கேட்கிறார்கள். குலுக்கல் முறையில் அவள், நோய் முற்றாமல் தடுக்கப் போடும் பென்சிலின் ஊசி இல்லாத பிரிவில் சேர்ந்துவிடுவாளோ என்று அஞ்சுகிறேன்.

நாகர்கோவில் செவிலியர்:
அண்ணா, உகாண்டாவில் 5 முதல் 17 வயது வரையுள்ள, இதே தொடக்க நிலையிலிருந்த பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வில், நான்கு வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி பெற்றவர்களில் 0.8 விழுக்காட்டினருக்கே 2 ஆண்டுகளில் நோய் முற்றியது. ஊசி பெறாதவர்களில் அது 8.2 விழுக்காடு. ஊசி இல்லாமலும் பெரும்பாலோருக்கு முற்றவில்லை என்பதையும் இதே கணக்குத்தான் காட்டுகிறது. ஆனாலும், இந்த முடிவு தெரிந்த பின் ஊசியில்லாப் பிரிவு எதற்கு என்று ஆய்வாளரிடமே நேராகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் கையெழுத்திடாதீர்கள்.

குளச்சலிலிருந்து ஒரு தாய்:
இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் அந்த ஆய்வுக்குரிய பதிவு எண்ணையும், தமிழில் ஒப்புதல் படிவத்தையும் கேட்டு வாங்குங்கள். 7 வயது கடந்த பிள்ளையின் இசைவும் தேவை. எந்த நேரத்திலும் விலகலாம், வழக்கமான சிகிச்சை நிற்காது. என் மகன் என்னைவிட அதிகக் கேள்விகள் கேட்டான்.

தக்கலைத் தந்தை:
நன்றி. படிவத்தை மகளோடு அமர்ந்து படிக்கிறேன்.