பெயர்பெற்ற நிறுவனத்தின் சாயலில் வரும் மலிவு ரப்: உள்ளே இருப்பது என்ன?

கோண்டாவில் தகப்பன்
வணக்கம். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் மகளுக்காக, முகநூல் விளம்பரத்தில் கண்ட பத்து அங்குல ரப் (தொடுதிரைக் கையடக்கக் கணினி) ஒன்றை 19,500 ரூபாவுக்கு வாங்கினேன். பொதி வீட்டுக்கு வந்தபின் காசு கொடுத்தால் போதும் என்றதால் அதிகம் யோசிக்கவில்லை. எல்லோரும் அறிந்த நிறுவனமொன்றின் பெயரில் ஓரெழுத்தை மாற்றிப் பெட்டியில் அச்சடித்திருப்பதை, பிரித்த பிறகு மகள்தான் காட்டினாள். அன்ரொய்ட் 13, 12 ஜிபி றாம், 512 ஜிபி சேமிப்பு, 8,800 மில்லியம்பியர் மணி பற்றரி என்று பெட்டி சொல்கிறது. பற்றரி தவிர்ந்த மற்றவற்றை அமைப்புகள் பகுதியும் அப்படியே காட்டுகிறது. ஆனால் வட்ஸ்அப் இந்தச் சாதனத்தில் இயங்காது என்கிறது. ஸூம் வகுப்பில் ஆசிரியரின் குரல் வர, கரும்பலகை அசையாமல் நிற்கிறது. மென்பொருளைப் புதுப்பித்தால் சரிவருமா, அல்லது றாமைக் கூட்டலாமா?

ஈயப்பற்று
ஐயா, இரண்டும் நடவாது. றாம் பலகையோடு ஈயம் வைத்து ஒட்டப்பட்டது. புதுப்பிப்பு அனுப்ப அந்தப் பெயருக்குப் பின்னால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அமைப்புகள் பகுதி, மென்பொருளை ஏற்றியவர் எழுதி வைத்த எண்களைத்தான் வாசித்துக் காட்டுகிறது. அன்ரொய்ட் 13 வெளிவந்தது 2022இல். வட்ஸ்அப் 2025 சனவரியில் கைவிட்டதோ 2013இல் வந்த 4.4 பதிப்பை. ஆகவே உங்கள் ரப்பின் உண்மையான வயதை வட்ஸ்அப்பே சொல்லிவிட்டது. என் மேசைக்கு வந்த இத்தகைய ஒன்றைத் திறந்தபோது, 2014இல் அறிமுகமான ஓல்வின்னர் ஏ33 சிப்பும் 1 ஜிபி றாமும்தான் இருந்தன.

சாதனத்திடம் கேட்காமலே அளக்க வழியுண்டு. திரையைப் படம்பிடித்து, அந்தப் படத்தை வேறொரு கணினியில் திறந்து அதன் அகல உயரத்தைப் பெட்டியில் உள்ள திரைப்புள்ளி எண்ணிக்கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறகு பற்றரியை முழுவதும் இறக்கி, ரப்பை நிறுத்திய நிலையில், ஒரு அம்பியர் சார்ஜரில் போட்டு நேரத்தைக் குறியுங்கள். 8,800 உண்மையானால் ஒன்பது மணித்தியாலத்துக்குக் குறையாமல் எடுக்க வேண்டும்.

இணுவில் ஆசிரியை
எறிந்துவிடத் தேவையில்லை என்பது என் எண்ணம். என்னிடமும் இப்படி ஒன்று உண்டு. கடந்தகால வினாத்தாள்களையும், நூலகம் என்ற இணையத்தளத்திலிருந்து இறக்கிய பழைய சஞ்சிகைகளையும் மாணவர்கள் அதில் வாசிக்கிறார்கள். பக்கம் திரும்ப நேரம் எடுக்கும், அவ்வளவே.

பனங்கூடல்
ரீச்சர், கோப்புகளை வேறு கணினியில் இறக்கி, மெமரி காட்டில் போட்டு வாசிப்பதானால் சரி, வைபை வேண்டாம். தொழிற்சாலையிலேயே தீநிரல் ஏற்றப்பட்டு வரும் மலிவு அன்ரொய்ட் சாதனங்கள், வீட்டு இணைய இணைப்பைக் களவாகப் பயன்படுத்துவது பற்றி அமெரிக்காவின் எப்.பி.ஐ. 2025 யூனில் எச்சரித்தது. அந்தத் தீநிரல் வலையமைப்பின் பெயர் பாட்பொக்ஸ் 2.0. எல்லா மலிவு ரப்பிலும் அது இருக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் வங்கிக் கணக்கையும் மின்னஞ்சலையும் இதில் திறப்பது வேலியில் போகும் ஓணானை மடியில் விடுவதுதான்.

ஐயா, நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் முறையிடுங்கள். வாங்கி மூன்று மாதத்துக்குள் முறையிட வேண்டும் என்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம். தொலைபேசி இலக்கம் 1977. விளம்பரத்தைப் படம்பிடித்து வையுங்கள், நாளைக்கு அது அங்கே இராது. இனி வாங்க இருப்பவர்கள், சிம் போடும் ரப் என்றால், ஐஎம்இஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, ஐஎம்இஐ எனப்படும் அதன் 15 இலக்க அடையாள எண்ணை 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவு உண்டா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுக்கலாம்.

கோண்டாவில் தகப்பன்
எல்லோருக்கும் நன்றி. பெட்டியில் திரை 2560×1600 என்று போட்டிருக்கிறது. படம் 1024×600 ஆகத்தான் வந்தது. பற்றரி ஒரு மணித்தியாலம் நாற்பது நிமிடத்தில் நிறைந்துவிட்டது. விற்றவர் முதலில், என் செலவில் திருப்பி அனுப்பச் சொன்னார். முகவரி கேட்டதும் பதிலை நிறுத்திவிட்டார். விளம்பரம் இன்னும் இருந்ததால் படம்பிடித்து, முறைப்பாட்டையும் எழுதிவிட்டேன். இப்போதைக்கு மகளின் வகுப்பு என் கைத்தொலைபேசியில் நடக்கிறது.